முறுக்கு டப்பாவில் போன மருந்து

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் தில்லைநாயகத்தை எல்லாக் கண்டக்டர்களுக்கும் தெரியும். நெடிய ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி, மடியில் ஒரு முறுக்கு டப்பா. புதிதாக வருகிற கண்டக்டர் யாராவது, 'சார், ஒரு முறுக்கு கொடுக்கப்படாதா?' என்று கேட்டால் அவர் மூடியைத் திறந்து காட்டிவிடுவார். உள்ளே கட்டுக்கட்டாக அட்டைகள் இருக்கும். அட்டை முழுக்கப் பொடிப்பொடியாகச் சதுர ஓட்டைகள். கேட்டவர் மறுபேச்சு பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஓட்டை போட்ட அட்டையை டப்பாவில் வைத்துக் காப்பாற்றுகிற மனிதரிடம் பேச்சு வளர்ப்பானேன்?

அவை கம்ப்யூட்டருக்குப் போட வேண்டிய அட்டைகள். மதுரையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த நிலையம் ஒன்றில், வாரத்தில் ஒரு பொழுது அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். முறுக்கு டப்பா எதற்கென்றால் சாரலுக்கு. ஆனி பிறந்து குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்தால் இலஞ்சியில் அவர் வீட்டுச் சுவர்கூட வேர்க்கும். அட்டை அப்பளம்போல் நமுத்துப் பொம்மிவிடும். பொம்மிய அட்டை மெஷினுக்குள் சிக்கிக்கொண்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அதனால் டப்பாவின் அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைப்பார். அந்த யோசனை அவர் தங்கை குழல்வாய்மொழியுடையது. உப்பு நீர்விடாமல் இருக்க அவள் செய்கிற வைத்தியம்.

தில்லைநாயகம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். வேலையில் இருந்துகொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்தது எழுபத்தேழில். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டால், 'யானைக்கால் புழுவுக்கு மருந்து' என்பார். 'எந்தப் பச்சிலை?' என்று அடுத்த கேள்வி வரும். மலையில் இத்தனை மூலிகை இருக்கும்போது இவர் எதற்கு வாரம் தவறாமல் பஸ் ஏறுகிறார் என்பது ஊராருக்கு விளங்கவே இல்லை. விளக்கிச் சொல்லிப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது.

விஷயம் இதுதான். புழுவைக் கொல்லும் என்று உலகத்தில் யார் யாரோ எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்துகள் ஓர் இருபது சொச்சம், ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வந்திருந்தன. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அட்டை. அந்த மூலக்கூறு எண்ணெயோடு எவ்வளவு ஒட்டும், மின்னூட்டத்தைத் தன் பக்கம் இழுக்குமா அல்லது தள்ளிவிடுமா, பருமன் என்ன, எத்தனை புழுவைக் கொன்றது என்று எல்லாம் எண்ணாக அட்டையில் துளைத்திருக்கும். இழுத்தால் வெறும் எண், தள்ளினால் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ். டப்பாவில் இருந்த மற்றக் கட்டுகள் கணக்கு போடும் விதத்தை மெஷினுக்குச் சொல்கிறவை. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் படித்து, எந்தக் குணம் கூடினால் புழு சாகிறது என்று ஒரு சமன்பாடு போட்டுக் கொடுக்கும். அதன்படி இன்னும் யாரும் செய்து பார்க்காத மருந்து எது நன்றாக வேலை செய்யும் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு மருந்து காய்ச்சுவதற்குப் பதிலாக மூன்றே மூன்று காய்ச்சினால் போதும். கல்லூரி ஆய்வகத்தில் உருப்படியான குடுவை ஆறு வைத்திருந்தவருக்கு அது தெய்வ வாக்காகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அவர் ஏன் வேறு புழுவை விட்டு இந்தப் புழுவைப் பிடித்தார் என்பதற்கு வீட்டுக்குள்தான் காரணம் இருந்தது. குழல்வாய்மொழிக்கு இடது கணுக்கால் வீங்க ஆரம்பித்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் காலைப் பார்த்தார்கள், பிறகு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தில்லைநாயகமும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காகத் தியாகம் என்று ஊர் சொன்னது. அவருக்கு அதில் பாதிதான் சம்மதம், ஏனென்றால் அவருக்கும் யாரும் மும்முரமாகப் பெண் கொடுக்க வரவில்லை.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். வீட்டிலும் மிதி மெஷின் உண்டு. வலது காலால் மிதித்து, இடது காலை மிதிபலகையின் ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் வைத்திருப்பாள். 'எனக்கு ஒரு காலுதான் வேலைக்குப் போவுது, இன்னொண்ணு ரிட்டயர்டு' என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மருந்து இல்லாமல் இல்லை. தென்காசி யானைக்கால் ஆஸ்பத்திரியில் மாத்திரை இனாமாகக் கொடுத்தார்கள். ஆனால் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே குளிர் தூக்கிப் போடும், காய்ச்சல் அனலாய் அடிக்கும், வாந்தி வேறு. இரண்டு நாள் கம்பளிக்குள் முனகிக்கொண்டு கிடப்பாள். மாத்திரை வேளை வந்தாலே அவள் முகம் சுண்டிவிடும். ஒருமுறை டாக்டர் சிவனணைந்தபெருமாளிடம் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போய் முறையிட்டார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"காய்ச்சல் வருதுன்னா சந்தோசப்படும்மா. ரத்தத்துல புழு இருக்கு, மாத்திரை அதக் கொல்லுது, அதான் ஒடம்பு கொதிக்கி. விடாம போட்டேன்னா காலு இந்த மட்டோட நிக்கும். விட்டுட்டேன்னா அது பாட்டுக்கு ஏறும். நல்லா ஏறின பொறவு புழு தானாச் செத்துப் போயிரும், அன்னைக்கு மாத்திரை போட்டா காய்ச்சலும் வராது, பிரயோசனமும் கெடையாது. காலு மட்டும் மிச்சம்."

குழல்வாய்மொழி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், இவருக்கென்ன, கொதிக்கிறது என் உடம்புதானே என்றாள். அன்றைக்குத்தான் தில்லைநாயகம் தன் ஆராய்ச்சியின் முதல் அட்டை எது என்று தீர்மானித்தார். அவள் விழுங்குகிற அந்தப் பழைய மாத்திரைதான் முதல் அட்டை. அதையே தாயாக வைத்து, அதன் மூலக்கூறில் வால்போல் தொங்கும் பகுதியைக் கொஞ்சம் மாற்றி, புழு சாக வேண்டும், இவள் உடம்பு கொதிக்கக் கூடாது, அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றெடுப்பது. காகிதத்தில் எழுதும்போது அது கஷ்டமாகவே தெரியவில்லை.

எண்பதாம் வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீட்டில் வழக்கம்போல எல்லாவற்றையும் அடுக்கினார்கள். அவருடைய பாடப் புத்தகங்கள், அவளுடைய தையல் மெஷின், கத்தரிக்கோல், அவருடைய சைக்கிள், நடுவில் முறுக்கு டப்பா. குழல்வாய்மொழி கல்லில் சந்தனம் இழைத்துக் கொடுத்தாள். பொட்டு வைப்பது ஆண்பிள்ளை பொறுப்பு. தில்லைநாயகம் டப்பாவைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் அட்டைக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். மனுஷர் வேதியியல்காரர், கவனமாகத்தான் வைத்தார். அட்டையின் மேல் விளிம்பில் துளைகளுக்குரிய எண்கள் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று அதற்குச் சற்றுக் கீழே, சுத்தமாக, ஒரு பொட்டு. மறுநாள் ஏடு பிரித்தார்கள். மெஷினில் வைத்த பொட்டு, சைக்கிளில் வைத்த பொட்டு, டப்பாவுக்குள் வைத்த பொட்டு எல்லாம் காய்ந்து, இருந்த இடத்தில் இருந்தன. அவற்றை யார் அழிப்பார்கள்? தானாக உதிரும்வரை இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைதான் கம்ப்யூட்டர் வாய் திறந்தது. அதுவரை அட்டைகள் முழுசாகச் சேராமல் இழுத்தடித்த எண்கள், கடைசி அட்டையும் சேர்ந்த அன்றைக்கு ஒரு கோட்டில் வந்து நின்றன. மின்னூட்டத்தை இழுக்கிற வால் எதைச் சேர்த்தாலும் மருந்துக்கு வீரியம் கூடும், குறைந்த அளவு கொடுத்தாலே போதும் என்று சமன்பாடு சொல்லிற்று. மதுரையில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ராமசேஷன் எளிதில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. அவரே காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, காபி வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில் தில்லைநாயகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினார். பஸ்ஸில் அவருக்குத் தூக்கம் வரவில்லை, களைப்பும் தெரியவில்லை. அதற்கப்புறம் அப்படி ஒரு பயணம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

வீட்டில் பால்கோவாவைத் தின்றுகொண்டே குழல்வாய்மொழி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பம் இத நிறுத்தட்டா அண்ணே?"

தில்லைநாயகம் ஒரு கணம் யோசித்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் சமன்பாடு இருந்தது.

"கொஞ்ச நாளுதான. நிறுத்து. ஒனக்குன்னு ஒண்ணு செஞ்சு தாரேன்."

அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருஷம் ஆயிற்று.

முதல் மருந்தைக் காய்ச்சி முடிக்கவே ஒன்றரை வருஷம் பிடித்தது. மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் ஆய்வகம் அவருக்கு. தண்ணீர் வராது, கரண்டு போகும், சாரல் காலத்தில் எந்தப் பொடியும் காயாது. வெள்ளையாக ஒரு விரற்கடை பொடி சேர்ந்ததும் அதைக் குப்பியில் அடைத்து, வடக்கே எலி வைத்துச் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வரும். புழு ஒன்றுகூடச் சாகவில்லை என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருப்பார்கள். ராமசேஷன் சமன்பாட்டைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு அழகாகப் பொருந்துகிற கணக்கு பொய் சொல்லாது, உமது பொடிதான் சுத்தமில்லை என்றார். தில்லைநாயகமும் அப்படியே நம்பினார். தன்மேல் குறை சொன்னால் உடனே நம்பிவிடுகிற சுபாவம் அவருக்கு. மறுபடி காய்ச்சினார், மறுபடி அனுப்பினார், மறுபடி அதே பதில். பிறகு இரண்டாவது மருந்து, அப்புறம் மூன்றாவது. தலைமுடி உதிர்ந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டு, கண்டக்டர் உசுப்பி எழுப்புகிற நிலைக்கு வந்தார். அப்போதும் டப்பாவை மட்டும் கை விடாது.

குழல்வாய்மொழி ஒருநாளும், மருந்து என்னாயிற்று என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு வருஷம் இடது கால் மிதிபலகையின் ஓரத்தை விட்டுக் கீழே இறங்கிற்று. அடுத்த வருஷம் மெஷின் மேஜைக்குள் நுழையவில்லை. நாற்காலியைக் கோணலாகப் போட்டு, காலை வெளியே நீட்டிவைத்துத் தைக்கப் பழகிக்கொண்டாள். புடவையைத் தழையத் தழையக் கட்டினாள். பழைய மாத்திரையாவது போடு என்று அவர் நடுவில் ஒரு தடவை சொன்னார், சொல்லாமல் இல்லை. 'ஒன் மருந்துதான் வருதே, பொறவு இந்தக் கண்ணராவி எதுக்கு?' என்றாள். அவள் நம்பினாள் என்பதைவிட, அண்ணன் நம்புவதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை என்பதுதான் சரி என்று அவருக்குப் பின்னால் தோன்றியது.

எண்பத்தைந்தில் மதுரை நிலையத்தில் புது கம்ப்யூட்டர் வந்தது. அட்டைக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு எண்களைத் தட்டினால் போதும். பழைய மெஷினுக்கு அட்டை ஊட்டிக்கொண்டிருந்த அப்துல் ஜப்பார் இப்போது திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடையநல்லூர்க்காரர். ஊர்ப்பக்கத்து ஆள் என்று தில்லைநாயகத்திடம் அவருக்கு எப்போதும் ஒரு வாஞ்சை. அட்டைகளின் மேல்விளிம்பில் அச்சாகியிருந்த எண்களை இவர் வரிசையாக வாசிக்க, அவர் தட்டினார். கணக்கு ஓடி முடிந்தது. திரையில் வந்த சமன்பாடு வேறாக இருந்தது. இழுக்கிற வால் சேர்த்தால் மருந்து செத்துப்போகும் என்று அது சொல்லிற்று. ஐந்து வருஷமாக எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தாரோ அதற்கு நேர் எதிர்த் திசை.

ஜப்பார் தான்தான் தப்பாகத் தட்டிவிட்டதாக நினைத்து மறுபடி தட்டினார். அதேதான் வந்தது. எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரி. அப்புறம் தில்லைநாயகம் முதல் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வந்தது. எழுத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் குறிக்குரிய ஓட்டையில் வெளிச்சம் வரவில்லை. அங்கே சந்தனம் இருந்தது.

பழைய மெஷின் ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தைத்தான் படிக்கும். ஓட்டை அடைத்திருந்தால் அதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. மைனஸ் போய் வெறும் எண்ணாயிற்று. தள்ளுகிற மருந்தை இழுக்கிற மருந்து என்று எடுத்துக்கொண்டது. இருக்கிறதிலேயே வலுவான முதல் அட்டையே தலைகீழானதால் மொத்தக் கணக்கும் அதன் பின்னால் திரும்பிவிட்டது. அட்டையை அவர் நூறு தடவை சரிபார்த்திருப்பார், மேலே அச்சான எழுத்தைப் படித்து. எழுத்தில் மைனஸ் இருந்தது. பொட்டும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. சைக்கிளில் இருக்கிற பொட்டை யாராவது உற்றுப் பார்க்கிறார்களா?

ஜப்பார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வேற யாரு அட்டையில அழுக்கு இருந்தாலும் தொடச்சிட்டுத்தான் சார் போடுவேன். இது ஒங்க பூசை பொட்டு. நான் எப்படித் தொடைக்க? உதுந்துறப்படாதுன்னு இத மட்டும் பைய எடுத்து வைப்பேன்."

தில்லைநாயகத்துக்கு அவர்மேல் துளியும் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. பொட்டை வைத்தது தன் விரல்தான். கோபப்படக்கூட ஆள் கிடைக்காமல் போனதுதான் அவரை அதிகம் அயரவைத்தது. ராமசேஷனிடம் போய்ச் சொன்னார். அவர், பிழையைத் திருத்திய கணக்கையும் செத்துப்போன மூன்று மருந்துகளையும் சேர்த்தே எழுதும், அதற்கும் பட்டம் கிடைக்கும் என்றார். கிடைக்கவும் செய்தது. ஆனால் திருத்திய சமன்பாடு இன்னொன்றையும் சொல்லிற்று. தாய் மருந்தின் வாலை எந்தப் பக்கம் மாற்றினாலும் வீரியம் குறையும். இந்த வகையில் இருப்பதிலேயே சிறந்தது அந்தப் பழைய மாத்திரைதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, அந்த வெண்ணெயையும் தங்கையிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்.

ஊருக்கு வந்து மறைக்கவில்லை. அவள் சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, அட்டை, பொட்டு, மைனஸ், எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையை நிறுத்து என்று சொன்னது தன் வாய்தான் என்பதையும் சொன்னார். குழல்வாய்மொழி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அட்டையை வாங்கி அவளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சந்தனத்த நான்தான கெட்டியா இழைச்சுத் தந்தேன்," என்றாள். "சரி, வுடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி பழைய மாத்திரையே வாங்கியா. காய்ச்சல் வந்தா வந்துட்டுப் போவுது. ரெண்டு நாளு லீவு போட்டாப் போச்சு."

அவர் வாங்கி வந்தார். அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியனுப்பினாள். பரணிலிருந்து கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாள். நொய்க்கஞ்சிக்கு அரிசி உடைத்து வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வாந்திக்கு ஒரு பேசின். எல்லா ஏற்பாடும் முடித்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள்.

சாயங்காலம் அவர் தெர்மாமீட்டரை உதறிக் கொடுத்தார். காய்ச்சல் இல்லை. ராத்திரி கஞ்சியை ருசித்துக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் அதே மாத்திரை. அன்றைக்கும் உடம்பு பச்சைத் தண்ணீராக இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் அவள் சந்தோஷமாக எழுந்து கம்பளியை மடித்தாள். லீவு வீண் என்றும், பேசாமல் பள்ளிக்கூடம் போயிருக்கலாம் என்றும் சொன்னாள். மெஷினண்டை நாற்காலியைக் கோணலாகப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாவாடைக்கு விளிம்பு மடிக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்தால் சந்தோஷப்படு என்று டாக்டர் ஒருநாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னது அவளுக்கு மறந்திருந்தது. தில்லைநாயகத்துக்கு மறக்கவில்லை.

அவர் தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். மறுபடியும் உதறி அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினார். அவள் நாக்கின் கீழே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். குற்றாலநாதா, இவளுக்குக் கொஞ்சமாவது காய்ச்சல் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரு கோடு ஏறினால்கூடப் போதும் என்று நினைத்தார். வாங்கிப் பார்த்தார். பாதரசம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

குழல்வாய்மொழி மெஷினை நிறுத்திவிட்டு, நீட்டியிருந்த காலை மெதுவாக இழுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன அண்ணே இது. காய்ச்சல் வரலைன்னு யாராவது அழுவாவளா?"